சணல் சாக்கிலிருந்து லைனருக்கு: சர்க்கரை ஆலையின் பேக்கிங் ஹவுஸ்

ஆலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கரும்பு அரவையையும் பாய்லரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கடைக்கோடியில் இருக்கும் பேக்கிங் ஹவுஸ் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் பாகைக் காய்ச்சிப் படிகமாக்கும் பேன் ஸ்டேஷனிலும், படிகத்திலிருந்து பாகைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூகலிலும் எங்கே கோட்டை விட்டார்கள் என்பதைக் காட்டிக்கொடுப்பது அங்கே தைத்து அடுக்கிய மூட்டைதான்.

கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் ஆலை 1840களிலேயே வந்துவிட்டது. 1914இல் அதே ஊரில் மிட்டாய்த் தொழிற்சாலையும் சேர்ந்தது. ஒரு பக்கம் முதுகை ஒடிக்கும் மூட்டை, இன்னொரு பக்கம் மிட்டாய் சுற்றும் விரலளவு காகிதச் சுருள். நாடு முழுக்க ஆலைகள் பெருகியது 1932இன் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு. ஜாவா சர்க்கரைக்கு வரி போட்டதும், முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் நாலைந்து வருடத்தில் 130ஐத் தாண்டின. அவற்றின் பேக்கிங் ஹவுஸில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு தராசு, சணல் சாக்கு, கோணி ஊசி, சுமை தூக்க ஆட்கள், அவ்வளவுதான்.

நெடுங்காலம் புழங்கியது 100 கிலோ மூட்டை. ஓர் ஆள் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. இங்கே 100 கிலோவை முதுகில் ஏற்றி, சாய்ந்த பலகை வழியாக அட்டியின், அதாவது மூட்டை அடுக்கின், உச்சிக்குக் கொண்டுபோன பழக்கம் அதற்குப் பிறகும் சீக்கிரத்தில் மறையவில்லை. 50 கிலோவுக்கு மாறியபோது முதுகு பிழைத்தது, மூட்டை எண்ணிக்கை இரட்டிப்பானது. நாளுக்கு 2500 டன் அரைக்கும் ஆலையில் ரெக்கவரி, அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை, 9.5 சதவீதம் என்றால் 237.5 டன் சர்க்கரை, அதாவது 4750 மூட்டை. மணிக்கு ஏறக்குறைய இருநூறு. கையால் தைத்து மாளாது. தானியங்கித் தராசும் தையல் மெஷினும் கன்வேயரும் இல்லாமல் முடியாது என்ற நிலை இப்படித்தான் வந்தது.

தராசு விஷயத்தில் அலட்சியம் கூடாது. மூட்டைக்கு 100 கிராம் கூடுதலாக விழுந்தால் நாளுக்கு 475 கிலோ. 150 நாள் அரவையில் 71 டன். 2019இல் நிர்ணயித்த குறைந்தபட்ச விலையான கிலோ 31 ரூபாயில் போட்டாலே 22 லட்சம். இதற்குப் பெரிய கோளாறெல்லாம் தேவையில்லை. தராசின் வாயில் ஒட்டிய ஈரச் சர்க்கரையும், சாக்கின் எடையைச் சரியாகக் கழிக்காததும் போதும். ஷிப்டுக்கு ஒருமுறையாவது பத்து மூட்டையைத் தனித் தராசில் மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். சாக்குக் கட்டு மாறும்போது காலிச் சாக்கையும் நிறுக்க வேண்டும்.

எடையைவிட ஆலையைப் புரட்டிப்போட்டது சாக்கின் துணி. சணல் நாரை மிருதுவாக்க எண்ணெய் போடுவார்கள். கனிம எண்ணெய் என்றால் வாடை சர்க்கரையில் ஏறும், போதாததற்கு நாரும் உதிரும். குளிர்பானக் கம்பெனியும் பிஸ்கட் கம்பெனியும் இதை ஏற்காது. ஆகவே பிளாஸ்டிக் நெசவுச் சாக்கும் உள்ளே பாலித்தீன் லைனரும் வந்தன. சணல் விவசாயிகளைக் காக்க 1987இல் வந்த சட்டப்படி, சர்க்கரையில் ஒரு பங்கு இன்றும் சணலில்தான் போக வேண்டும். அந்தப் பங்கு 20 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

லைனர் வந்ததும் சுத்தம் கூடியது. கூடவே புதுத் தலைவலியும் வந்தது. சென்ட்ரிபியூகலிலிருந்து விழும் சர்க்கரையில் சூடும் இருக்கும், ஈரமும் இருக்கும். பழைய ஆலைகளில் கிராஸ்ஹாப்பர் என்கிற அதிரும் தட்டில் ஆடிக்கொண்டே வரும்போது காய்ந்த மட்டும்தான். அரைகுறையாகக் காய்ந்து சூட்டோடு மூட்டையில் இறங்கினாலும், சணலின் கண் வழியாகக் கொஞ்சம் ஈரம் வெளியேறிவிடும். லைனருக்குள் அதற்கு வழியில்லை. மூட்டையின் ஓரம் முதலில் ஆறும். நடுவிலிருக்கும் சூடு ஈரத்தை ஓரத்துக்குத் தள்ளும். அங்கே படிந்த ஈரம் படிகங்களின் மேற்பரப்பைக் கரைத்து, ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். பிரித்துப் பார்த்தால் லைனரை ஒட்டி ஓடு மாதிரி கட்டி, நடுவில் பொலபொலவென்ற சர்க்கரை.

அதனால்தான் டிரையரும் கூலரும் கட்டாயமாயின. வெந்நீராவியால் சூடேற்றிய காற்றில் உலர்த்தி, பிறகு குளிர்காற்றில் ஆற்ற வேண்டும். ஈரம் 0.04 சதவீதத்தை ஒட்டி, சூடு 40 டிகிரிக்குள் வந்த பிறகே மூட்டை. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேக்கிங் வாயில் எடுத்த மாதிரி ஆய்வகத்தில் காய்ந்ததாகக் காட்டும், சில நாளில் மூட்டை கட்டியாகும். அவசரமாக உலர்த்தினால் படிகத்தின் மேல்தோல் இறுகி, உள்ளே சிக்கிய ஈரம் மெல்ல மெல்லக் கசிவதுதான் காரணம். டிரையரில் சூட்டை மட்டும் ஏற்றினால் இது மோசமாகும். அளவு ஒழுங்கில்லாத படிகமும் இதே வேலையைச் செய்யும். பேனில் தானாக முளைத்த பொடிப் படிகங்கள் சென்ட்ரிபியூகலில் பாகை வடியவிடாமல் அடைத்துக்கொள்ளும், ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த ஒட்டுப்படிகங்கள் இடுக்கில் பாகைப் பிடித்துவைக்கும். டிரையர்காரரைத் திட்டுவதற்கு முன் பேன்மேனிடம் பேச வேண்டிய பிரச்சினை இது.

நிறம் மாறுவது வேறு கதை. நம் ஆலைகளில் பெரும்பாலும் கந்தகப் புகை கொடுத்து வெளுத்த சர்க்கரை. சுத்திகரித்த சர்க்கரையைவிட இது சீக்கிரம் பழுப்பேறும். சூட்டோடு அட்டி போட்டால் நடு மூட்டைகள் வாரக்கணக்கில் ஆறாது. பேக்கிங் நாளில் எம்-30 என்று முத்திரை குத்தியது, வெளியே போகும்போது அந்த நிறத்தில் இருக்காது. எழுத்து படிக அளவுக்கு, எண் நிறத்துக்கு. ஆலை மாதம் எவ்வளவு விற்கலாம் என்று அரசு விதிக்கும், 2013இல் கைவிட்ட மாத விற்பனை ஒதுக்கீடு 2018இல் திரும்பி வந்தது. நினைத்தபோது சரக்கை விற்றுத் தள்ள முடியாததால் மூட்டை கோடவுனில் கிடக்கும் நாளும் கூடும்.

கட்டி மூட்டை கிடைத்தால் முதலில் வரிசை எண்ணைப் பாருங்கள். அடுத்தடுத்த எண்கள் எல்லாம் கட்டியாக இருந்தால் அந்த ஷிப்டில் டிரையரோ கூலரோ தகராறு. எண்கள் சிதறியிருந்து, அட்டியின் அடிவரிசை மட்டும் கட்டியென்றால் தரை ஈரமும் மேல்பாரமும். சுவரோரம் மட்டும் என்றால் மழைச்சாரல், அல்லது சுவரை ஒட்டியே அடுக்கியிருக்கிறார்கள். அங்கங்கே ஒன்றிரண்டு என்றால் லைனர் கிழிந்திருக்கும். பெரும்பாலும் கொக்கி போட்டு இழுத்த ஓட்டை.

மழைக்காலத்தில் காற்றாட வேண்டும் என்று கோடவுன் கதவைத் திறந்து போடுவது தப்பு. வெளிக்காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் சர்க்கரைதான் அதை உறிஞ்சும். கதவைச் சாத்தி வைக்க வேண்டும். தரையில் பாலித்தீன் விரிப்பு, சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் நடக்க இடம், பருவத்துக்கும் தரத்துக்கும் தனித்தனி அட்டி. ஒற்றைக் கதவு கோடவுனில் புதுச் சரக்கை வாசலை அடைத்து அடுக்கிவிட்டால், போன பருவத்து மூட்டை பின்சுவரோரம் மாட்டிக்கொள்ளும். லாரி வரும்போது முன்னால் இருப்பதைத்தான் ஏற்றுவார்கள்.