கடுகுக்கு ஒரு கொய்யாக் கொம்பு

கடுகு ஒற்றைக் காலில் நின்று தூங்குவதை நிறுத்தி நாலு நாள் ஆகியிருந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. என் மகள்தான், "அப்பா, கடுகு ஏன் ராத்திரி முழுக்க டான்ஸ் ஆடிக்கிட்டே இருக்கான்?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தால், கண்ணை மூடியபடியே இடது காலைத் தூக்குகிறான், உடனே கீழே வைக்கிறான், வலதைத் தூக்குகிறான், வைக்கிறான். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற பட்ஜி ஜோடி எங்களிடம் இருக்கிறது. நீலமாக இருப்பவன் கடுகு, மஞ்சளாக இருப்பவள் மல்லி.

மெல்லிய துண்டைப் போட்டுப் பிடித்து, கட்டை விரலில் இரண்டு கடி வாங்கிக்கொண்டு, போன் வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பட்ஜியின் உள்ளங்கால் பொடிப்பொடியாய்ச் சொரசொரப்பாக இருக்க வேண்டும், மல்லிக்கு அப்படித்தான் இருந்தது. இவனுக்கு அந்தச் சொரசொரப்பே தேய்ந்துபோய், வழவழவென்று பளபளப்பாக, நடுவில் மாதுளை முத்து மாதிரி ஒரு சிவப்பு. முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள ஜீவன், அதற்கே இந்தக் கதி.

காரணம் கூண்டிலேயே இருந்தது. வாங்கும்போது கூடவே கொடுத்த இரண்டு பிளாஸ்டிக் குச்சிகள், ரெண்டும் பேனா தடிமன், ரெண்டும் உருண்டை, ரெண்டும் வழுவழு. பதினாலு மாதமாக அவர்கள் உலகத்தில் தரை என்றால் அந்தக் குச்சி மட்டும்தான். ரேஷன் கடை வரிசையில் அரை மணி நேரம் நின்றாலே நாம் கால் மாற்றி மாற்றி நிற்கிறோம். இதுகளுக்குப் படுக்கை என்று ஒன்று கிடையாது, தூங்குவதும் நின்றபடிதான். குச்சி எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருந்தால் பாதத்தில் அழுத்தம் எப்போதும் ஒரே புள்ளியில் விழும். தோல் தேயும், சிவக்கும், அப்புறம் புண்ணாகும், அதில் கிருமி ஏறினால் சீழ் கட்டி உள்ளே எலும்பு வரை போகலாம். பம்பிள்ஃபுட் என்று பெயர். பறவை பார்க்கிற டாக்டரைத் தேடிப் பிடிக்கவே இரண்டு நாள் ஆனது (நாய் பூனை பார்ப்பவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்). அவர் காலைப் பார்த்தார், எடை பார்த்தார், "தினை மட்டும்தானே போடுறீங்க?" என்றார். ஆமாம் என்றேன். வெறும் தானியம் தின்றால் வைட்டமின் ஏ போதாது, தோல் பலவீனமாகும், அதில் இந்தக் குச்சியும் சேர்ந்துகொண்டது என்றார். பூசுவதற்கு ஒரு மருந்து, தினமும் முருங்கைக் கீரை, கேரட், கொத்தமல்லி. கடைசியாக, "முதல்ல அந்தக் குச்சியைத் தூக்கிப் போடுங்க." புண் ஆவதற்கு முன்பே வந்துவிட்டோமாம், அதுவரைக்கும் அதிர்ஷ்டம்.

பட்ஜிக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். குச்சியைப் பிடித்து நிற்கும்போது விரல்கள் சுற்றளவில் முக்கால்வாசி வரை வளைந்தால் போதும். முன் நகமும் பின் நகமும் அடியில் போய் ஒன்றையொன்று தொட்டால் குச்சி ரொம்ப ஒல்லி. விரல்கள் பப்பரப்பே என்று விரிந்து கிடந்தால் ரொம்பத் தடிமன். கணக்காகச் சொன்னால் பட்ஜிக்கு 12 முதல் 20 மில்லிமீட்டர், அதைவிடக் கொஞ்சம் பெரிய காக்டெயில் என்கிற கிளிக்கு 15 முதல் 25. நான் ஸ்கேலெல்லாம் எடுப்பதில்லை, என் சுண்டு விரல் தடிமனுக்கும் கட்டை விரல் தடிமனுக்கும் நடுவில் எதுவும் சரி. முக்கியம் என்னவென்றால் அந்த இரண்டு அளவும், நடுவில் உள்ள எல்லா அளவும் கூண்டில் இருக்க வேண்டும். அதனால்தான் கடையில் கடைந்து வைத்திருக்கும் மரக்குச்சிகூட எனக்குப் பிடிப்பதில்லை. மரம்தான், ஆனால் அதுவும் ஒரே உருண்டை. மூங்கில் இன்னும் மோசம், வழுக்கும். (பச்சைக்கிளிக்கு என்ன அளவு என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம்.)

கோணல்மாணலான கிளைதான் வேண்டும் என்று முடிவானதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா இருப்பது ஆயக்குடிப் பக்கம், பழனிக்குப் பக்கத்தில். கொய்யாவுக்குப் பேர்போன ஊர்.

"கொய்யாக் கிளை வேணும்மா, ஒரு அஞ்சாறு."

"பழம் கேக்குற காலம் போய் வெறகு கேக்குறியாடா?"

பறவைக்கு என்றதும், "அப்ப தோப்புல வேணாம், அங்க மருந்து அடிப்பாங்க, நம்ம கொல்லை மரத்துலயே வெட்டித் தாரேன்" என்றாள். நான் சொல்ல நினைத்து வைத்திருந்த ஒரே எச்சரிக்கை அதுதான், அம்மா முந்திக்கொண்டாள்.

கொய்யா எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. கெட்டியான மரம், சீக்கிரம் ஒடியாது. கிளை நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும், கவட்டை கவட்டையாகப் பிரியும். பட்டையை உரித்துத் தின்றாலும் ஒன்றும் ஆகாது. வேம்பும் நல்லது, பலரும் அதைத்தான் வைக்கிறார்கள். முருங்கையும் வைத்துப் பார்த்தேன், ஒரே வாரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து தும்பு தும்பாகக் கிழித்துவிட்டார்கள். விளையாட்டுச் சாமானாக அது சரி, நிற்பதற்கு ஆகாது. அரளி, எருக்கு, கள்ளி பக்கமே போகாதீர்கள், எல்லாம் விஷம். பட்டர்ஃப்ரூட் என்கிற அவகாடோ மரமும் பறவைக்கு ஆகாது. கொடைக்கானல் பக்கம் வீடு இருப்பவர்கள் கவனிக்க.

சித்தப்பா மகன் பேப்பரில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தான். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மொட்டை மாடியில் மூன்று நாள் காயப் போட்டேன். முதல் நாளே ஒரு கிளையின் பொந்திலிருந்து எறும்பு வரிசையாகக் கிளம்பியது, அதை அப்படியே குப்பையில் போட்டேன். காய்ந்ததும் கூண்டின் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, இரண்டு முனையிலும் கத்தியால் காடி எடுத்துக் கம்பிக்கு நடுவில் செருகினால் ஆடாமல் நிற்கும். கட்டுக்கம்பியால் கட்டும் வேலை வேண்டாம். அந்தக் கம்பியில் துத்தநாகப் பூச்சு இருக்கும், பறவை கொறித்தால் உடம்புக்குள் விஷமாக இறங்கும்.

ஆர்வத்தில் ஒரு தப்புப் பண்ணினேன், பழைய குச்சி இரண்டையும் ஒரே நேரத்தில் உருவிவிட்டேன். அன்று முழுக்க இரண்டும் கூண்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இருந்தன, சாப்பிடக்கூட இறங்கவில்லை. சாயந்திரம் ஒரு பிளாஸ்டிக் குச்சியைத் திரும்ப மாட்டிய பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. மூன்றாம் நாள் மல்லி முதலில் ஒரு காலை மட்டும் கொய்யாவில் வைத்தாள், எடுத்தாள், பட்டையை ஒரு கொத்து கொத்தினாள். அவ்வளவுதான். அன்றைக்கு அவளுக்கு வேறு வேலையே இல்லை, கீழே தட்டு முழுக்கப் பட்டைச் சுருள். கடுகு அவள் பின்னாலேயே போய்விட்டான்.

எங்கே மாட்டுவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். தண்ணீர், தீனிக் கிண்ணத்துக்கு நேர் மேலே வைத்தால் எச்சம் நேராக அதில்தான் விழும். கூண்டுச் சுவருக்கு ஒட்டி வைத்தால் வால் கம்பியில் உரசி நுனி பிய்ந்துபோகும். தூங்குவதற்கு இருப்பதிலேயே உயரமான கிளையைத்தான் பிடிப்பார்கள், அதனால் நல்ல தடிமனான, பாதம் விரித்து உட்காரக்கூடிய கிளையை அங்கே வையுங்கள். அதற்காகக் கூண்டை விறகுக் கடை ஆக்கிவிடாதீர்கள், சிறகை விரிக்க இடம் வேண்டும். எங்கள் கூண்டுக்கு மூன்று போதுமாக இருக்கிறது.

குச்சிக்கு மாட்டுகிற உப்புத்தாள் உறை ஒன்று கடைகளில் தொங்கும், நகம் தேயும் என்பார்கள். நகம் தேய்வதைவிட உள்ளங்கால் தேய்வதுதான் அதிகம், காசு கொடுத்துப் புண் வாங்குகிற வேலை. சிமெண்ட்டில் செய்த சொரசொரப்புக் குச்சி வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, தூங்குகிற இடத்தில் இல்லாமல், கடல் நுரை (பறவை கொறிக்கிற கணவாய் ஓடு) தொங்கவிடும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். கயிற்றுக் குச்சி பாதத்துக்கு மெத்தென்று இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நூல் பிரிந்தால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், விரலில் சுற்றும், விழுங்கினால் தொண்டைப்பையில் பந்தாக அடைக்கும். தினமும் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை, அதனால் வாங்கவில்லை.

கடுகின் கால் தேற ஒன்றரை மாதம் ஆனது. சிவப்பு மங்கி, ஒருநாள் இரவு பார்த்தால் மேல் கிளையில் வலது காலை வயிற்று இறகுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, பஞ்சு உருண்டை மாதிரி உப்பிப்போய்த் தூங்குகிறான். மகளை எழுப்பிக் காட்டினேன். "சரி, லைட்டை ஆஃப் பண்ணுப்பா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது முதல் செட் கிளைகள் கடித்துக் கடித்துப் பாதியாகிவிட்டன. போன வாரம் அம்மாவே போனில் கேட்டாள்: "கொல்லை மரத்தைக் கவாத்து பண்றோம்டா. சுண்டு விரல் சைஸ்ல எத்தனை, கட்டை விரல் சைஸ்ல எத்தனைனு சொல்லு."