பதினொன்றாவது இடம்

போன செப்டம்பரில் தேனியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு நடத்திய அண்ணா மிதிவண்டிப் போட்டியில் என் அண்ணன் மகள் பதினொன்றாவதாக வந்தாள். பரிசு பத்தாவது இடம் வரைதான். முதல் மூன்று பேருக்கு 5,000, 3,000, 2,000 ரூபாய். நான்கிலிருந்து பத்து வரை தலா 250. அந்த 250 ரூபாயை ஓர் இடத்தில் தவறவிட்டு வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி அண்ணன் கேட்டது இது: "பதினொன்றாவதாக வருவதற்கா விடியற்காலையில் வேன் பிடித்துப் போனோம்?"

அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பையனும் போயிருந்தான். எத்தனையாவதாக வந்தான் என்று அவனுக்கே தெரியாது. முப்பதுக்கு மேல் இருக்கும். மறுநாள் அவன் அப்பா இரண்டு புது டயர் வாங்கி மாட்டினார். பழைய டயர்தான் பையனைக் கவிழ்த்துவிட்டதாம்.

பெண்கள் ஏன் சைக்கிள் பந்தயத்துக்கு வருவதில்லை என்று என்னிடம் பலரும் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளில் குமுளி மலை ஏறுவதால், இதற்கு என்னிடம் பதில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இனிமேல் கேட்பவர்களை எங்கள் தெருவுக்கு அழைத்துவந்து அந்த இரண்டு வாசல்களையும் காட்டலாம் என்றிருக்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஊர் கூடலூர். நீலகிரிக் கூடலூர் இல்லை, தேனி மாவட்டத்துக் கூடலூர். வேலை மலைமேல், கேரள எல்லையிலுள்ள குமுளியில், ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுவது. திங்கள் முதல் சனி வரை பஸ். ஞாயிறு காலை மட்டும் அதே சாலையில் சைக்கிள். லோயர் கேம்பிலிருந்து குமுளி ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்க ஏற்றம். மின்நிலையத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்கள், இரைச்சல் பாலம், மாதா கோயில் வளைவு எல்லாவற்றையும் பஸ் சன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாதா கோயில் வளைவில் சாலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது சைக்கிளில் ஏறிய அன்றுதான் தொடைக்குத் தெரிந்தது.

என் முதல் சைக்கிள் அரசு கொடுத்தது. 2006-ல் ப்ளஸ் ஒன் சேர்ந்தேன். பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்தி வைத்து, பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். முன்னால் கூடை, கியர் கிடையாது, நல்ல கனம். ஒலிம்பிக் போன்ற பந்தயங்களில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். குறையக் கூடாதாம்! எங்கள் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போடவே இரண்டு கை வேண்டும். ப்ளஸ் டூ முடிந்த கோடையில் அது அப்பாவுக்கு மாட்டுத்தீவனம் சுமக்கும் வண்டியாக மாறியது. நான் வருத்தப்பட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. படிப்பு முடிந்ததும் சீருடையை மடித்து வைப்பதுபோல் சைக்கிளையும் விட்டுவிட்டேன். அது என்னுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சைக்கிளும் பெண்களும் என்று பேச்செடுத்தால் புதுக்கோட்டைக்குப் போய்விடுகிறோம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே சைக்கிள் கற்றுக்கொண்டது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அது தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் போன சைக்கிள். பந்தய சைக்கிள் எங்கும் போவதில்லை. கிளம்பிய இடத்துக்கே வியர்வையோடு திரும்பி வருகிறது. ஒரு பெண் வேலையாகப் போனால் ஊர் வழிவிடும். வேலையில்லாமல் போய்விட்டு வந்தால் "எங்கே போய் வருகிறாய்?" என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருக்க வேண்டும். பதக்கம் ஒரு பதில். பதினொன்றாவது இடம் பதிலாகாது.

அன்று நடந்த பந்தயத்துக்கு வருகிறேன். 15 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்குத் தூரம் 15 கிலோமீட்டர், அதே வயதுப் பையன்களுக்கு 20. 13 வயதுக்கு உட்பட்டவர்களில் பெண்களுக்கு 10, பையன்களுக்கு 15. பன்னிரண்டு வயதில் ஓர் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் உடம்பில் என்ன பெரிய வித்தியாசம்? பல வகுப்புகளில் பெண்பிள்ளைகள்தான் உயரமாக இருப்பார்கள். அந்த 5 கிலோமீட்டரை எதற்காகக் கழித்தோம் என்று கணக்கு எழுதுகிறவளான எனக்குப் புரியவில்லை. இது தேனியில் மட்டும் உள்ள வழக்கமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் ஆண்களுக்கு 273 கிலோமீட்டர், பெண்களுக்கு 158. ஆண்கள் 1896-லேயே ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓட்டிவிட்டார்கள். பெண்கள் உள்ளே வந்தது 1984-ல்.

சரி, தூரம் போகட்டும். என் அண்ணன் மகள் தோற்றது தூரத்தாலும் இல்லை, காலில் பலம் இல்லாமலும் இல்லை. ஆடி போயும் அடங்காத எதிர்காற்று அன்றைக்கு. கொடி அசைந்ததும் எல்லாப் பெண்களும் விழுந்தடித்து ஓட்டினார்கள். முதல் கிலோமீட்டரிலேயே ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டார்கள். அவளுக்கு முன்னால் ஐம்பது மீட்டரில் பத்தாவது பெண். இருவரும் கடைசி வரை தனித்தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டினார்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்று அவர்மேல் மோதும். பின்னால் வருகிறவருக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்குகூட மிச்சமாகும். சைக்கிள் பந்தயத்தின் அரிச்சுவடி இது. கொஞ்ச நேரம் நீ முன்னால், கொஞ்ச நேரம் நான் முன்னால் என்று அந்த இருவரும் மாறி மாறி ஓட்டியிருந்தால் எட்டாவது ஒன்பதாவதையே பிடித்திருக்கலாம். இதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்தப் பையனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் அவனுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் பைபாஸ் சாலையில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் சக்கரத்தோடு சக்கரம் உரசுகிற மாதிரி ஓட்டுகிறார்கள். ஒருவன் விழுவான், எல்லோரும் சிரிப்பார்கள், அவன் எழுந்து மறுபடி ஓட்டுவான். அப்படியே கற்றுக்கொண்டார்கள். என் அண்ணன் மகள் பந்தயத்துக்கு முன்பு இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஓட்டியதே இல்லை. ஓட்டப்பந்தயம் என்றால் தனியாக ஓடிப் பழகியும் முதலாவதாக வரலாம். சைக்கிளுக்குக் கூட்டம் வேண்டும். சுமாராக ஓட்டுகிறவர்கள், ஒருநாளும் பரிசு வாங்காதவர்கள், பொழுதுபோகாமல் வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் கூட்டம். பையன்களிடம் அந்த முப்பதாவது ஆள் இருக்கிறான். பெண்களில் பரிசு வாங்க மாட்டாள் என்று தெரிந்தவளை இரண்டாம் முறை வேனில் ஏற்ற மாட்டார்கள். கடைசியில் முதல் மூன்று பேர் மட்டும் மிஞ்சுகிறார்கள். அவர்களுக்கும் ஒட்டி ஓட்டச் சக்கரம் இல்லை.

ஞாயிறுகளில் என்னோடு ஓட்டும் மலையாளி அக்கா ஒருவர், சேச்சி என்றே கூப்பிடுவேன், இதை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். குமுளியில் நர்ஸ். பள்ளி நாட்களில் கேரளத்தில் ஒரு விளையாட்டு விடுதியில் தங்கி டிராக் சைக்கிள், அதாவது சாய்ந்த வட்டத் தளத்தில் ஓட்டும் பந்தய சைக்கிள், ஓட்டியவர். பிரேக்கே இல்லாத சைக்கிள் அது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்த முடியாது. சாய்ந்த தளத்தில் அதை எப்படி ஓட்டினீர்கள், பயமாக இல்லையா என்று கேட்டேன். "நாங்கள் யாரும் தைரியசாலிகள் இல்லை. விடுதியில் ஆறு பேர் இருந்தோம், அவ்வளவுதான்" என்றார். 2015-ல் கேரளத்தில் தேசிய விளையாட்டு நடந்தபோது மாநிலப் பெண்கள் சைக்கிளில் பதக்கம் பதக்கமாக வாங்கியது அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அந்தப் போட்டி நடந்த தளம் திருவனந்தபுரத்தை ஒட்டிய காரியவட்டத்தில் இருக்கிறது. எங்கள் மாநிலத்தில் அப்படிப்பட்ட தளம் (வெலோட்ரோம்) சென்னையை ஒட்டிய மேலக்கோட்டையூரில், இங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர். காரியவட்டம் அதில் பாதித் தூரம்கூட இல்லை. ஆனால் இடையில் ஒரு சோதனைச் சாவடி. ஏலக்காயும் காய்கறியும் தினமும் தாண்டுகிற சாவடியை விளையாட்டு ஒதுக்கீடு தாண்டாது.

டோக்கியோ ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தங்கம் வாங்கிய ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கதையை எனக்கு அனுப்பாதவர்கள் குறைவு. கணித ஆராய்ச்சியாளர், தொழில்முறை அணி எதிலும் இல்லாதவர், கடைசி 40 கிலோமீட்டரைத் தனியாகவே ஓட்டி ஜெயித்தார். பின்னால் வந்த வீராங்கனை, இவர் முன்னால் போனது தெரியாமல் தனக்குத்தான் தங்கம் என்று கையைத் தூக்கினார். அருமையான கதைதான். ஆனால் இதை அனுப்புகிறவர்கள் "பார், மனசு வைத்தால் போதும்" என்று கீழே ஒரு வரி சேர்க்கும்போது எரிச்சல் வருகிறது. எனக்குப் பிடித்தது பாரிஸில் ஜெயித்த அமெரிக்கர் கிறிஸ்டன் ஃபாக்னரின் கதை. நிதித்துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 2017-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பெண்களுக்காக நடத்திய அறிமுக வகுப்பில் சேர்ந்தார். ஏழு வருடம் கழித்துச் சாலைப் பந்தயத்திலும் குழுப் பந்தயத்திலும் தங்கம். அந்தச் சாலைப் பந்தயத்துக்கு முதலில் அவர் பெயரே இல்லை. வேறொருவர் விலகியதால் கிடைத்த இடம். அறிமுக வகுப்பு என்றால், ஒன்றும் தெரியாமல் வரலாம் என்று அர்த்தம்.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. 28,000 ரூபாய்க்குப் பழைய கியர் சைக்கிள் வாங்கிய முதல் மூன்று மாதம் உட்காரும் இடத்தில் புண்ணும் மரத்துப்போதலும். என் உடம்புதான் இதற்கு லாயக்கில்லை என்று முடிவுக்கு வந்துவிட்டேன். மெக்கானிக்கிடம் எப்படிக் கேட்பது? கடையில் எல்லோரும் ஆண்கள். சேச்சிதான் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது ஆணுக்கு வைத்த சீட்டு, உனக்கு அகலமானதும் நடுவில் பள்ளம் விட்டதும் வேண்டும் என்றார். மாற்றிய வாரமே வலி போய்விட்டது. ஒரு சீட்டுக்காக நான் சைக்கிளையே விற்கப் பார்த்தேன். அப்படி விற்றவர்கள் எத்தனை பேரோ.

மற்றபடி, எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஆறு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வந்தால் கணவர் பிடிப்பார் என்று ஏற்பாடு. பிடிக்கிறார். ஆனால் திரும்பி வந்ததும் எத்தனை குடம் பிடித்தார் என்ற கணக்கைக் கேட்டாக வேண்டும். நான் வருடம் முழுக்கப் பிடித்த குடங்களை யாரும் எண்ணியதில்லை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் சாலையை நிறைத்துவிடும், சைக்கிளைத் தொட முடியாது. அந்த இரண்டு மாதமும் மாமியாருக்கு நிம்மதி.

அண்ணன் மகளை ஜனவரியிலிருந்து கூட அழைத்துப் போகிறேன். அண்ணனிடம் போட்டி என்று சொல்லவில்லை. அத்தையோடு போகிறாள் என்றதும் சரி என்றுவிட்டான். சேச்சி குமுளியிலிருந்து இறங்கி வருவார், லோயர் கேம்பில் மூவரும் சேர்ந்து ஏறுவோம். பிள்ளையின் சைக்கிளில் கியர் இல்லை. மாதா கோயில் வளைவில் இறங்கித் தள்ளுவாள். அந்நேரத்தில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் எங்களைக் கடக்கும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்கள் தலையை நீட்டி, "ஏறிக்கொள்ளடி, சைக்கிளை மேலே கட்டிவிடலாம்!" என்று கூப்பிடுவார்கள். முதல் வாரம் அவளுக்கு அழுகை வந்தது. இப்போது தள்ளிக்கொண்டே கையாட்டுகிறாள்.

சமமான பாதையில் வரும்போது அவளைச் சேச்சியின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஓட்டச் சொல்கிறோம். முதலில் பிரேக்கை விட்டுக் கையே எடுக்க மாட்டாள். இரண்டு முறை இடித்தாள், ஒருமுறை மூவருமே விழுந்தோம். சேச்சிக்கு முழங்கை சிராய்ப்பு. மலையாளத்தில் ஏதோ சொன்னார், நல்லவேளை பிள்ளைக்குப் புரியவில்லை.

குமுளி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை. கடைசியாக வருகிறவர் மூவருக்கும் பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) வாங்கித் தர வேண்டும் என்று விதி. பிள்ளையிடம் காசு இருக்காது என்பதால், கிளம்பும்போதே நான் அவள் பையில் நூறு ரூபாய் வைத்துவிடுவேன். கடைக் கணக்கு எழுதும் பழக்கத்தில் இதையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். இதுவரை பதினான்கு ஞாயிறு. அவள் ஒன்பது முறை கடைசி, நான் ஐந்து முறை. சேச்சி இன்னும் ஒரு பழம்பொரிக்குக்கூடக் காசு கொடுக்கவில்லை.