"ஏன் கத்தல?"னு கேட்டுட்டேன்

போன வாரம் மூணு நாள் ட்ரெய்னிங். பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க கேஷுவாலிட்டிக்கு வந்தா நர்ஸ் எப்படி நடந்துக்கணும்ங்கிறதுதான் விஷயம். பன்னெண்டு வருஷமா எமர்ஜென்சில குப்பை கொட்டுறேன், எனக்குப் புதுசா என்ன சொல்லிடப் போறாங்கனு ஒரு எகத்தாளத்தோடதான் போய் உக்காந்தேன்.

முதல் நாளே ரோல் ப்ளே. எனக்கு பேஷன்ட்டா நடிச்சது ஒரு ஆண் ட்ரெய்னர். உள்ள வந்து உக்காந்தாரு, தலையைத் தூக்கவே இல்ல, நான் ரொம்ப அன்பா பேசுறதா நெனச்சுக்கிட்டு "நீங்க ஏன் சார் கத்தல, தள்ளி விட்டிருக்கலாமே"னு கேட்டுட்டேன். டக்குனு நடிப்பை நிறுத்திட்டு, "இதையே ஒரு பொண்ணுகிட்ட கேப்பீங்களா சிஸ்டர்?"னாரு. யோசிச்சுப் பாத்தேன். பொண்ணுகிட்டயும் கேட்டிருக்கேன், அதுதான் இன்னும் கேவலம். பயத்துல உடம்பு உறைஞ்சு போறது நம்ம கைல இல்ல, கத்தணும்னு நெனச்சாலும் சத்தம் வராதுனு அப்புறம் விளக்குனாங்க. நடந்ததை வரிசையா சொல்ல முடியாம திணறுறதும் அதே மாதிரிதான். நாம என்னடான்னா "முன்னுக்குப் பின் முரணா பேசுறார்"னு கேஸ் ஷீட்ல எழுதிட்டுப் போயிடுறோம்.

எனக்கு ஒரு பெருமை உண்டு, நான் யாரையும் பேதம் பாக்க மாட்டேன், எல்லாருக்கும் ஒரே மாதிரி ட்ரீட்மென்ட்னு. அந்த ஒரே மாதிரிதான் வம்பேனு ரெண்டாம் நாள் புரிஞ்சுது. கன்னிப்போன காயம்னா சிவப்பு, நீலம்னு நாம பாத்துப் பழகின படமெல்லாம் வெளுத்த தோல்ல எடுத்தது. கருத்த தோல்ல அது சுத்தி இருக்கிற இடத்தைவிட லேசா கருத்தாப்ல இருக்கும், சில நேரம் கண்ணுக்கே படாது. வெளிச்சத்தைப் பக்கவாட்டுல புடிச்சுப் பாக்கணும், எங்க வலிக்குதுனு கேக்கணும், அவங்க சரின்னு சொன்னா தொட்டு வீக்கம் இருக்கானு பாத்து எழுதணும். நான் இதுவரைக்கும் "காயம் எதுவும் இல்லை"னு எழுதின ஷீட்டெல்லாம் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு, அன்னிக்கு மத்தியானம் சாப்பாடே எறங்கல. (காயமே இல்லைன்னாலும் ஒண்ணும் நடக்கலனு அர்த்தம் கிடையாதுங்கிறது வேற.)

மாத்திரை விஷயமும் அப்படித்தான். எமர்ஜென்சி கருத்தடை மாத்திரை 120 மணி நேரத்துக்குள்ள, ஹெச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள், இதெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிற ஒரு திருநம்பி (பொறந்தப்ப பொண்ணுன்னு சொல்லப்பட்டு ஆணா வாழுறவர்) வந்தா அவருக்குக் கர்ப்பப்பை இருக்கலாம், அந்த ஹார்மோன் கருத்தடை கிடையாது, கேட்டுப் பாத்து மாத்திரை குடுக்கணும்ங்கிறது எனக்குத் தோணவே இல்ல. எடை அதிகமா இருக்கிறவங்களுக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல்ங்கிற எமர்ஜென்சி கருத்தடை மாத்திரை சரியா வேலை செய்யாம போகலாம், அவங்களுக்கு யூலிப்ரிஸ்டல்ங்கிற இன்னொரு மாத்திரை இல்லைன்னா காப்பர் டி பத்தி சொல்லணும். காது கேக்காதவங்க, நம்ம பாஷை தெரியாதவங்க வந்தா கூட வந்த சொந்தக்காரரையே விட்டு கேக்கச் சொல்றோம்ல, செஞ்சதே அவரா இருந்தா?

கன்னித்தன்மை டெஸ்ட்டை ஒழிக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018லயே சொல்லியாச்சு, அதைப் பத்தி இன்னமும் ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கு. என்னத்தச் சொல்ல.

மூணாம் நாள் மறுபடி அதே ட்ரெய்னர். இந்தத் தடவை நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "கதவை சாத்தட்டுமா, தொறந்தே இருக்கட்டுமா?" அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "பாதி சாத்துங்க"ன்னாரு. சாத்திட்டு, ஸ்டூலை வழி மறைக்காம தள்ளிப் போட்டு உக்காந்தேன்.

அடுத்த பேட்ச் லிஸ்ட் நேத்து வந்துச்சு. நைட் டியூட்டில நிரந்தரமா இருக்கிற ஒருத்தர் பேர் கூட அதுல இல்ல, எனக்கு வந்த இந்த மாதிரி கேஸ் எல்லாமே ராத்திரி வந்ததுதான். இன்சார்ஜ்கிட்ட கேட்டா ஆள் பத்தாதுங்குறாங்க. ஹேண்டோவர் குடுக்கும்போது நைட் சிஸ்டர் "என்னதான்டி சொல்லிக் குடுத்தாங்க"னு கேட்டா. இருந்தது பத்து நிமிஷம், கதவுல இருந்து ஆரம்பிச்சேன்.