குளியலறைக் கண்ணாடியில் மேரி

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸுக்குக் குடிவந்த முதல் வருடம் என் கவலையெல்லாம் பனி, டிரைவிங் லைசென்ஸ், சோஷியல் செக்யூரிட்டி எண் என்றுதான் இருந்தது. நாலாம் வகுப்பில் சேர்ந்த மகளுக்கு வேறு கவலை. ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போகமாட்டேன் என்றாள். போனாலும் கதவைத் திறந்து வைத்து, நான் வாசலில் நிற்க வேண்டும். பல நாள் கேட்டபிறகுதான் காரணம் வந்தது. இருட்டில் கண்ணாடி முன்னால் நின்று ‘பிளடி மேரி’ என்று மூன்று முறை கூப்பிட்டால், ரத்தம் வழியும் முகத்தோடு ஒருத்தி கண்ணாடிக்குள் வந்து நிற்பாளாம். கூடப் படிக்கும் பிள்ளைகள் சொன்னார்களாம்.

பேய்க்கதை கேட்காமல் வளர்ந்தவள் இல்லை நான். எங்கள் ஊரில் புளியமரத்துக்கு ஒன்று, பாழுங்கிணற்றுக்கு ஒன்று என்று இருந்தன. ஆனால் அவை வீட்டுக்குள் வராது. எங்கள் வீட்டுக் கண்ணாடியும் உள்ளங்கை அகலம்தான், திண்ணைத் தூணில் வெளிச்சத்தில் தொங்கும். இங்கே எங்கள் அபார்ட்மென்ட் பாத்ரூமில் ஜன்னலே கிடையாது, வாஷ்பேசினுக்கு மேலே சுவர் முழுக்கக் கண்ணாடி. விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. இப்படி ஓர் அறையில் ஒரு பிள்ளைக்குப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மகளின் பயத்தைத் தீர்க்கலாம் என்று படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டதே நாங்கள் குடியேறிய ஊர்ப் பெயர்தான். ஜேனட் லாங்லுவா என்ற நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் 1970களில் இதே இண்டியானாபொலிஸில் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைக் கேட்டுப் பதிவு செய்து, 1978இல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் சொன்ன பெயர் மேரி வேல்ஸ். சாலையில் காரை நிறுத்தி ஏறிக்கொண்டு பாதியிலேயே மறைந்துபோகும் பெண் பேயின் கதையும் அதில் கலந்திருந்தது. வேறு இடங்களில் அவளே மேரி வொர்த், அதாவது எரித்துக் கொல்லப்பட்ட சூனியக்காரி.

யார் இந்த மேரி என்றால் பலரும் இங்கிலாந்து ராணி முதலாம் மேரியைக் காட்டுகிறார்கள். 1553 முதல் 1558 வரை ஆண்டவள், சுமார் 280 புராட்டஸ்டண்டுகளை எரித்துக் கொன்றவள். கருவுற்றதாக நம்பி, குழந்தையே பிறக்காமல் ஏமாந்தவளும்கூட. ‘உன் குழந்தை என்னிடம் இருக்கிறது’ என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லும் ஒரு வகை விளையாட்டு உண்டு, அதை இந்தத் துயரத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கு இது பொருத்தமாகப் படவில்லை. பட்டப்பெயர் ஒன்றுதான் என்பதைத் தவிர, ராணிக்கும் கண்ணாடிக்கும் ஒட்டே இல்லை.

அதைவிட நம்பத்தக்க வேர், பேய்கள் உலவும் என்று நம்பப்பட்ட அக்டோபர் 31 ஹாலோவீன் இரவில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய ‘ஹாலோவீன்’ கவிதையின் குறிப்பிலேயே அந்தப் பழக்கம் வருகிறது. மெழுகுவர்த்தியோடு தனியாகக் கண்ணாடி முன் நின்று ஆப்பிள் தின்றால், வருங்காலக் கணவனின் முகம் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்குமாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அமெரிக்க ஹாலோவீன் அஞ்சலட்டைகளிலும் கண்ணாடியும் மெழுகுவர்த்தியுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். இருட்டு, கண்ணாடி, தனிமை எல்லாம் அப்படியே இருக்க, மாப்பிள்ளை போய்ப் பேய் வந்துவிட்டாள். நம் ஊரில் வெற்றிலையில் மை தடவித் திருடன் முகத்தைத் தேடுவதும் மினுங்கும் கறுப்பை உற்றுப் பார்ப்பதுதானே!

சரி, முகம் ஏன் தெரிகிறது? இத்தாலியில் உர்பினோ பல்கலைக்கழகத்தின் ஜொவானி கபூட்டோ 2010இல் வெளியிட்ட சோதனையில் 50 பேர் மங்கிய வெளிச்சத்தில் 10 நிமிடம் தங்கள் முகத்தையே கண்ணாடியில் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு முகம் கோரமாக மாறியது. கிட்டத்தட்டப் பாதிப் பேர் பூதம் போன்ற உருவங்களைக் கண்டார்கள். அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்தால் சுற்றியுள்ளவை மங்கி மறையும் என்று டிராக்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1804லேயே எழுதியிருக்கிறார். மறைந்த இடத்தை மூளை தானாக எதையாவது வைத்து நிரப்பிக்கொள்கிறது. இதை மகளிடம் சொன்னபோது, “அப்ப அவங்க பொய் சொல்லலையாம்மா?” என்று கேட்டாள். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பார்த்திருப்பார்கள் என்றேன். அதைக் கேட்டதும்தான் அவள் முகம் தெளிந்தது.

என்னை உலுக்கியது ஆலன் டண்டஸின் விளக்கம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராக இருந்தவர். இந்தச் சடங்கைச் செய்பவர்கள் பெரும்பாலும் வயதுக்கு வரப்போகும் சிறுமிகள், இடம் பாத்ரூம், காணப்போவது ரத்தம் என்பதால், இது முதல் மாதவிடாய் குறித்த பயம்தான் என்று 1998இல் எழுதினார். பையன்களும் விளையாடுகிறார்களே என்று பாதி மனம் மறுத்தது. மீதிப் பாதி எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டது. நான் பெரியவளானபோது பாட்டி தலைமாட்டில் வேப்பிலையும் இரும்பும் வைத்தாள். உச்சி வேளையில் வெளியே போகாதே, காத்துக் கருப்பு அண்டும் என்றாள். ரத்தத்தையும் பேயையும் சேர்த்துச் சொல்ல எங்களுக்குப் பெரியவர்கள் இருந்தார்கள். இங்கே பத்து வயதுப் பிள்ளைகள் அதைத் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

அந்த வாரமே மகளிடம் மாதவிடாய் பற்றி உட்கார்ந்து பேசினேன். அப்புறம் அவள் தோழியின் அம்மாவிடமும் இந்தக் கதையைப் பற்றிக் கேட்டேன். ஒஹையோவில் வளர்ந்தவர். தானும் அதே வயதில் ஒரு ஸ்லீப்ஓவரில், அதாவது தோழி வீட்டில் இரவு தங்கியபோது, மேரியைக் கூப்பிட்டுப் பார்த்ததாகவும், தன் அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை என்றும் சொன்னார். அதுவரை எங்களுக்குள் வானிலை, வீட்டுப்பாடம் தாண்டிப் பேச்சு நீண்டதில்லை. நான் வேப்பிலையைப் பற்றிச் சொன்னேன். பார்க்கிங்கில் குளிரில் நின்றபடியே வெகுநேரம் பேசினோம். மகளை அடுத்த சனிக்கிழமை ஸ்லீப்ஓவருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார், அனுப்பினேன்.