63 இடிக்கிறது

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மாதக் கணக்கைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் படுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வங்கி அறிக்கை ஒரு இருப்பைச் சொல்கிறது, நான் வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருளான க்னூகேஷ் இன்னொன்றைச் சொல்கிறது. வித்தியாசம் 63. அந்த மாதம் 63-க்கு நான் எதுவும் வாங்கவில்லை, 63 எங்கிருந்தும் வரவுமில்லை.

மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். புதிய பதிப்பை இறக்கி நிறுவினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். 63 அசையவில்லை. கடைசியில் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். பேரேடு எழுதியே ஓய்வு பெற்றவள். க்னூகேஷ் என்றால் என்னவென்றே தெரியாது.

"எவ்வளவுடா இடிக்குது?"

"அறுபத்து மூணுக்கா."

"ஒம்பதால வகுபடுதே. எங்கயோ ரெண்டு இலக்கத்த மாத்திப் போட்டிருக்க. ஏழ் ஒம்பது அறுபத்து மூணு. அப்ப அந்த ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் ஏழு. போய்ப் பாரு." வைத்துவிட்டாள்.

வித்தியாசம் ஏழு என்றால் 18-ஐ 81 ஆக்கியிருக்க வேண்டும், அல்லது 29-ஐ 92, அல்லது 07-ஐ 70. அந்த மாதத்து நூற்றுச் சொச்சம் பதிவுகளில் இந்த எண்களில் முடிவது நாலே நாலுதான். மூன்றாவதில் மாட்டியது: ரசீதில் 1,418, நான் தட்டியது 1,481.

அதற்குப் பிறகு, இடித்தால் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன். ஒன்பதால் வகுபடாமல் இரட்டைப்படையாக இருந்தால் பாதியாக்கிப் பார்ப்பேன். ஒருமுறை 240 இடித்தது. தேடினால் 120-க்கு ஒரு பதிவு. திரும்பி வந்த பணத்தைச் செலவுப் பக்கம் எழுதியிருந்தேன். வர வேண்டிய 120 வரவில்லை, போகக்கூடாத 120 போயிருக்கிறது, ஆக இரண்டு மடங்கு. இரண்டிலும் சிக்காவிட்டால், அந்தத் தொகையே விட்டுப்போயிருக்கும் அல்லது இரண்டு முறை ஏறியிருக்கும்.

ஆனால் என்னை உண்மையிலேயே அழவைத்தது வேறு. போன வருஷம் ஒரு நாள், வங்கி அறிக்கையோடு ஒத்துப்பார்க்கும் சரிபார்ப்பு ஜன்னலைத் திறந்தால், ஆரம்ப இருப்பே தப்பு. இந்த மாதத்தில் இன்னும் ஒன்றுமே டிக் செய்யவில்லை, அதற்குள் 350 குறைகிறது. போன மாதம் பைசா சுத்தமாக முடித்த கணக்கு! நேற்றுவரை நேராக நின்ற சுவர் காலையில் சாய்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஆரம்ப இருப்பை க்னூகேஷ் எங்கும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. பேரேட்டில் 'ஆர்' என்று தலைப்பிட்ட ஒல்லியான பத்தி ஒன்று இருக்கிறதல்லவா? அதில் புதுப் பதிவுக்கு 'என்', வங்கியில் ஏறிவிட்டது என்று நாம் குறித்ததற்கு 'சி', அறிக்கையோடு ஒத்துப்பார்த்து முடித்ததற்கு 'ஒய்'. அந்த 'ஒய்' எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் கூட்டித்தான் ஆரம்ப இருப்பைக் காட்டுகிறது. ஆக, பழைய 'ஒய்' ஒன்றை யாரோ தொட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டில் இதைத் திறப்பது நான் ஒருவன்தான். இரட்டைப் பதிவு என்று நினைத்து ஏதோ ஒன்றை அழித்திருக்கிறேன். எச்சரிக்கை வந்திருக்க வேண்டுமே என்றால், 'இனிமேல் கேட்காதே' என்பதை என்றைக்கோ டிக் செய்து அதன் வாயையும் அடைத்திருந்தேன்.

அழித்த பதிவைத் தேடல் பெட்டியில் தேடி என்ன பயன்? காப்பாற்றியது காப்புப் பிரதி. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய கோப்பைப் பெயரோடு வருஷம், மாதம், நாள், மணி, நிமிஷம், நொடி என்று 14 இலக்கம் சேர்த்து அதே கோப்புறையில் போட்டு வைக்கிறது. பார்க்கச் சகிக்காத குப்பை என்று நான் திட்டிக்கொண்டிருந்த அதே கோப்புகள்தான். நாம் மாற்றாவிட்டால் 30 நாள் வரை வைத்திருக்கும். மூன்று வாரத்துக்கு முந்தையதைத் திறந்து இரண்டு பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்ததில் 350 எழுந்து வந்தது. அதைத் திரும்பப் பதிந்து, போன மாத அறிக்கையின் தேதியையும் இறுதி இருப்பையும் கொடுத்து, அந்த ஒற்றைப் பதிவை மட்டும் டிக் செய்து முடித்தேன். சுவர் நிமிர்ந்துவிட்டது. அந்த எச்சரிக்கையையும் மறுபடி உயிர்ப்பித்துவிட்டேன்.

இறக்குமதிக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். வங்கி தந்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் பட்டியல்) க்னூகேஷில் ஏற்றும்போது தேதி வடிவத்தைச் சரியாகப் பார்க்காமல் 'அடுத்து' கொடுத்துவிட்டேன். மார்ச் மாதக் கணக்கு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை சிதறிக் கிடந்தது, அதுவும் எல்லா மாதமும் சரியாக 3-ஆம் தேதியில். 05/03 மே 3 ஆகிவிட்டது, 11/03 நவம்பர் 3. மார்ச் 3 மட்டும் தப்பித்தது. 12-க்கு மேற்பட்ட தேதிகள், அப்படி ஒரு மாதமே இல்லாததால் ஏற மறுத்தன. அந்தப் பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடியவன் நான்.

அதே கோப்பை மறுபடி ஏற்றினால் எல்லாம் இரட்டிப்பாகும் அபாயமும் சிஎஸ்வியில் உண்டு. வங்கி ஓஎஃப்எக்ஸ் கோப்பு தருமானால் அதையே எடுங்கள். அதில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் இருப்பதால், ஏற்கெனவே ஏறியதை மென்பொருள் கண்டுகொள்ளும். சொந்தக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்கு மாற்றிய பணம் மட்டும் இரண்டு வங்கிக் கோப்பிலும் வரும், இரண்டுக்கும் எண் வேறு வேறு. அதை நாம்தான் பார்த்து ஒன்றாக்க வேண்டும்.

தமிழில் குறிப்பு எழுதுபவர்களுக்கு இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. 'வாடகை' என்று எழுதிய பதிவு, ஏற்றியபின் தலையில் கோடு போட்ட 'ஏ'க்களும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகக் குறிகளுமாகப் பல்லிளித்தது. எண்ணிப் பார்த்தேன், 15 எழுத்து! கணினிக்கு 'வாடகை' ஐந்து குறியீடு: வ, துணைக்கால், ட, க, ஐகாரக் குறி. எழுத்துகளைப் பைட்டுகளாக்கிச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். படிக்கிறவன் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக வாசித்தால் 15 வரத்தானே செய்யும். தரவு கெடவில்லை. இறக்குமதி ஜன்னலில் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று மாற்றியதும் 'வாடகை' வந்துவிட்டது.

மடிக்கணினி பேட்டரி செத்து அணைந்தால் மறுநாள் 'கோப்பை வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள்' என்று சொல்லும். எல்சிகே என்று முடியும் சின்னப் பூட்டுக் கோப்பு விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். இன்னொரு கணினியில் நிஜமாகவே திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழித்துவிடலாம். சேமிக்காமல் போன பதிவுகளுக்கும் வழி இருக்கிறது: நாம் செய்த மாற்றங்களைக் குறித்துவைத்தபடி பக்கத்திலேயே கிடக்கும் 'லாக்' (log) கோப்பை இறக்குமதிப் பட்டியல் வழியாக மறு ஓட்டம் விட்டால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

இந்த மாதம் 4.50 இடிக்கிறது. புள்ளியைத் தூக்கினால் 450, ஒன்பதால் வகுபடுகிறது. 7.20-ஐ 2.70 என்று தட்டியிருப்பேன் போல. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, நாளைக்குத் தேடிக்கொள்கிறேன். அக்காவிடம் சொல்லவில்லை.