அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி: தாய்லாந்தா, குரோயேஷியாவா?

2024 நவம்பர் மழையில அப்பாவுக்கு காய்ச்சல். சாதாரண சளிதானேன்னு மூணு நாள் கஷாயத்துலயே ஓட்டிட்டோம், நாலாவது நாள் ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடி, டெஸ்ட்ல இன்ஃப்ளூயன்ஸா ஏ, ஆறு நாள் வார்டு. அவருக்கு 72 வயசு, சுகர் இருக்கு, மூச்சுக்கு இன்ஹேலர் பஃப் வேற எடுக்கிறாரு. டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டர் சொல்லிட்டாரு, அடுத்த மழைக்கு முன்னாடி ஃப்ளூ ஊசி போட்டுடுங்க, "அந்த வருஷத்து ஸ்ட்ரெய்னா பாத்து வாங்குங்க"ன்னு. நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். அது என்ன அந்த வருஷத்து ஸ்ட்ரெய்ன்னு கேக்கத் தோணல.

2025 ஆகஸ்ட்ல ஞாபகம் வந்து பெரம்பூர்ல எங்க வழக்கமான மெடிக்கல்ல கேட்டேன். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பெட்டி எடுத்து வெச்சாங்க. ஓரத்துல '2024-2025 என்ஹெச்'னு இருந்துச்சு, எக்ஸ்பயரிக்கு இன்னும் ஒரு மாசம்தான். இது போன சீசன் இல்லையான்னு கேட்டா, "எல்லாம் ஒண்ணுதான் மேடம், நாலு வைரஸுக்கும் கேக்கும்"னாரு. சரி, யோசிச்சுட்டு வரேன்னு வந்து இன்னொரு கிளினிக்ல கேட்டா அங்க '2025 எஸ்ஹெச்', ஆனா அதுல மூணுதான். மூணாவதா ஒரு இடத்துல, இப்ப போடாதீங்க, செப்டம்பர் கடைசில புது 2025-26 ஸ்டாக் வரும், வெயிட் பண்ணுங்கன்னாங்க. ஒரு ஊசிக்கு மூணு கடை, மூணு பதில்.

என்ஹெச்னா வடக்கு அரைக்கோளம், எஸ்ஹெச்னா தெற்கு. உலக சுகாதார அமைப்பு, அதான் டபிள்யூஎச்ஓ, வருஷத்துக்கு ரெண்டு தடவை உக்காந்து எந்த வைரஸை (டாக்டர் சொன்ன ஸ்ட்ரெய்ன் இதுதான்) ஊசில போடணும்னு சொல்றாங்க, பிப்ரவரில சொல்றது வடக்கோட குளிர்காலத்துக்கு, செப்டம்பர்ல சொல்றது தெற்குக்கு. பெரும்பாலும் முட்டைல வளர்த்து தயாரிக்கிற சமாச்சாரம், எப்படியும் ஆறு மாசம் புடிக்கும், அதான் அவ்ளோ முன்னாடியே முடிவு பண்றாங்க, அந்த ஆறு மாசத்துல வைரஸ் என்ன சும்மாவா இருக்கும்? நம்ம ஊரு மேப்புல வடக்குலதான் இருக்கு, ஆனா ஃப்ளூவுக்கு மேப்பு தெரியாது. ஐசிஎம்ஆர், அதான் நம்ம மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், பல ஊரு கேஸை வெச்சு பாத்ததுல ஸ்ரீநகர்ல ஜனவரி-மார்ச்ல ஏறுது, டெல்லி, புனே, கொல்கத்தா பக்கம் ஜூலை-செப்டம்பர், சென்னையும் வேலூரும் மட்டும் தனியா அக்டோபர்-நவம்பர். அப்பாவுக்கு வந்ததும் கரெக்டா அப்பதானே. ஊசி போட்டு உடம்புல எதிர்ப்பு வரவே ரெண்டு வாரம் ஆகும், புது ஸ்டாக் வர வரைக்கும் காத்திருந்து அதுவும் லேட் ஆச்சுன்னா மழை முந்திக்கும்.

அதனால பெட்டில இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கலாம்னு ரெண்டு கடைலயும் பெட்டியை போட்டோ எடுத்துட்டு வந்து டேபிள்ல வெச்சு பாத்தேன். ஃப்ளூ வைரஸ்ல ஏ, பின்னு வகை, ஏக்குள்ள எச்1என்1, எச்3என்2ன்னு உள்வகை. போன சீசன் பெட்டில ஏ/விக்டோரியா/4897/2022, அது எச்1என்1. அடுத்து ஏ/தாய்லாந்து/8/2022, அது எச்3என்2. அப்புறம் பி/ஆஸ்திரியா/1359417/2021, கடைசியா பி/புக்கெட்/3073/2013. தெற்கு பெட்டில அதே விக்டோரியா, அதே ஆஸ்திரியா, ஆனா தாய்லாந்து இருந்த இடத்துல ஏ/குரோயேஷியா/10136ஆர்வி/2023. புக்கெட் கிடையாது.

அப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில ஃபிட்டரா இருந்து ரிடையர் ஆனவரு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஏம்மா, இது பார்ட் நம்பர் மாதிரி இல்ல இருக்கு"ன்னாரு. கிட்டத்தட்ட அதேதான்ப்பா, எந்த வகை, எந்த ஊர்ல எடுத்தது, லேப் நம்பர், வருஷம்னு சொன்னேன். உடனே "அப்ப ஒரு லைன்லதான் ட்ராயிங் மாறியிருக்கு"ன்னு குரோயேஷியா மேல விரலை வெச்சாரு. எனக்கு ரெண்டு நாள் ஆச்சு அது புரிய, மனுஷன் ரெண்டு நிமிஷத்துல புடிச்சுட்டாரு. எச்3என்2தான் இருக்கிறதுலயே அடிக்கடி சட்டை மாத்துற ஆளு, பி பக்கம் சில வருஷமா அதே ஆஸ்திரியாதான் ஓடுது.

ஆனா நாலு இருக்கும்போது மூணு எதுக்குங்கிற கேள்வியை மட்டும் அவரு விடல. "காசு அதே காசு, ஐட்டம் ஒண்ணு கம்மியா?" நியாயமாதான் இருக்கு கேக்க. விஷயம் என்னன்னா அந்த நாலாவது ஐட்டம், புக்கெட், பி யமகட்டான்னு ஒரு வகைக்கு, அந்த வகை 2020 மார்ச்சுக்கு அப்புறம் உலகத்துல எங்கயும் உறுதியா கண்ல படல, கொரோனா லாக்டவுன்ல பரவ வழியில்லாம காணாமயே போயிடுச்சுங்கிறாங்க. 2023 செப்டம்பர்லயே டபிள்யூஎச்ஓ இது இனிமே வேணாம்னு சொல்லிட்டாங்க. இல்லாத திருடனுக்கு எதுக்குப்பா நாலாவது பூட்டுன்னேன். திருப்தியில்லாம ஒரு ம்ம் வந்துச்சு.

மிச்சம் இருந்தது அந்த 2025-26க்கு காத்திருக்கணுமாங்கிறது. பிப்ரவரில டபிள்யூஎச்ஓ அறிவிச்ச லிஸ்டைத் தேடி எடுத்தா விக்டோரியா 4897, குரோயேஷியா 10136ஆர்வி, ஆஸ்திரியா. ஒரு எழுத்து கூட மாறல! கிளினிக்ல இப்ப கைல இருக்கிற 2025 எஸ்ஹெச்சும், இன்னும் வராத 2025-26 என்ஹெச்சும் உள்ள ஒரே சரக்கு, மேல ஒட்டுன பேருதான் வேற. இதை அந்த மூணு கடைல ஒருத்தராவது சொல்லியிருந்தா எனக்கு ஒரு வாரம் மிச்சம். டாக்டருக்கு போட்டோவை அனுப்பி கேட்டேன், எஸ்ஹெச்சையே போடுங்க, காத்திருக்காதீங்கன்னு ஒரே வரி ரிப்ளை.

ஆகஸ்ட் கடைசில போட்டாச்சு. மெடிக்கல்ல வாங்கி வெயில்ல ஆட்டோல எடுத்துட்டு போற வேலையே வெச்சுக்கல, 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ளயே இருக்கணும், அதனால கிளினிக் ஃப்ரிட்ஜ்லேர்ந்து நேரா கைக்கு. ரெண்டு நாள் தோள்பட்டை வலி. அப்பா காய்ச்சலை எதிர்பாத்து தெர்மாமீட்டரை தலைமாட்டுலயே வெச்சிருந்தாரு, வரல, அதுல உயிருள்ள வைரஸே இல்லைன்னு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது.

செப்டம்பர் கடைசில டபிள்யூஎச்ஓ 2026 தெற்கு லிஸ்டை விட்டாங்க, ரெண்டு ஏ வரியும் மாறிடுச்சு. எச்1என்1க்கு ஏ/மிசௌரி/11/2025, எச்3என்2க்கு ஏ/சிங்கப்பூர்/ஜிபி20238/2024. நவம்பர்ல பாத்தா 'சப்கிளேட் கே'ன்னு எச்3என்2ல ஒரு புது கிளை இங்கிலாந்து, ஜப்பான்லலாம் ஓடுது, போட்ட ஊசிக்கு சரியா பொருந்தலன்னு நியூஸ். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, இவ்ளோ தேடி எடுத்தும் இப்படியான்னு. அப்புறம் இங்கிலாந்து கணக்கு வந்துச்சு, பொருந்தாட்டியும் ஆஸ்பத்திரி வரைக்கும் போறதை பெரியவங்கள்ல 30-40 சதவீதம், பசங்கள்ல 70-75 சதவீதம் தடுக்குதுன்னு. முழுசா இல்ல, ஆனா போன வருஷம் நாங்க போனது சுத்தமா வெறுங்கையோட.

நவம்பர்ல பேரனுக்கு சளி, காய்ச்சல், வீடு பூரா இருமல். அப்பாவுக்கும் தொண்டை கட்டி ரெண்டு நாள் படுத்தாரு, அது ஃப்ளூவான்னு டெஸ்ட் எடுக்கல, எழுந்துட்டாரு. ஊசி பெட்டியோட அட்டையை கிழிச்சு ரேஷன் கார்டு ஃபைல்ல வெச்சிருக்காரு, பின்னாடி தேதி எழுதி, அதுக்குக் கீழ பால்பாயிண்ட்ல 'அடுத்தது மிசௌரி, சிங்கப்பூர், 2026 ஜூலை, மூணு போதும்'.