கழல மறுத்த பின்சக்கர டிரம்: புளியரை நாட்குறிப்பு

6 ஜூலை 2024, சனி

ஜூன் 13 அன்று வீட்டுப் புளியமரத்தடியில் நிறுத்திய பழைய மாருதி ஆம்னி வேனை 23 நாள் கழித்து இன்றுதான் எடுக்க முயன்றேன். சீசன் சாரல் ஒருநாளும் விடவில்லை. போதாக்குறைக்கு, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு நிறுத்தியிருந்தேன். ரிவர்ஸ் கியரில் போட்டதும் வலப்பக்கப் பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்துச் சுழன்றது. இடப்பக்கச் சக்கரமோ அசையவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் தள்ளியபோது, அது உருளாமல், கலப்பை போட்டது போல ஈரமண்ணில் ஒரு சால் மட்டும் போட்டது.

7 ஜூலை, ஞாயிறு

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்து, வீல் நட்டுகள் நான்கையும் வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கி, பிறகு ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றினேன். ஹேண்ட் பிரேக்கை விடுவித்துக் கியரை நியூட்ரலில் வைத்தும் டிரம், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம், திரும்பவில்லை. மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தபோது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பிரேக் பிடிக்கும்போது டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த பிரேக் ஷூ துருவால் அதோடு ஒட்டியிருந்தது; அது விட்டுக்கொண்டது. டிரம் கையால் சுழன்றது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஆனால் சுழன்ற டிரம் வெளியே வரவில்லை. பொறுமையிழந்து இரும்புச் சுத்தியலை எடுத்து விளிம்பில் ஓங்கி அடித்தேன். வார்ப்பிரும்பு வளையாது, உடையத்தான் செய்யும் என்பது தெரிந்தும் அடித்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு தெறித்து வாய்க்காலில் விழுந்தது.

8 ஜூலை, திங்கள்

பகல் முழுவதும் மழை. டிரம் பொருந்தி உட்காரும் நடுக்குடத்தை (ஹப்) சுற்றியும், வீல் நட்டுகள் ஏறும் நான்கு ஸ்டட்களின் அடியிலும் துரு இளக்கும் எண்ணெயைச் சில சொட்டுகள் மட்டும் விட்டேன். அதிகமானால் உள்ளே வழிந்து ஷூவின் லைனிங்கில், அதாவது அதன் மேலுள்ள உராய்வுப் பட்டையில், படும்.

9 ஜூலை, செவ்வாய்

டிரம்மைச் சூடாக்கினால் விரிந்து கழன்றுவிடும் என்று உறவினர் ஒருவர் ஊதுவிளக்கோடு வந்தார். உள்ளே ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் இருக்கிறது, பிரேக் ஆயில் இருக்கிறது என்று சொல்லித் தடுத்துவிட்டேன். செங்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி மாலையில் வந்தார். சில்லு போன விளிம்பைத் தடவிப் பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை; அதற்குத் திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. டிரம்மின் முகப்பில் சேறு அடைத்திருந்த இரண்டு துளைகளை ஆணியால் நோண்டிச் சுத்தம் செய்துவிட்டு, “இந்த ரெண்டு ஓட்டையும் எதுக்குன்னு நெனச்சீங்க தம்பி?” என்று கேட்டார். பதினைந்து வருடமாக வண்டி வைத்திருக்கும் நான் அவற்றைக் கவனித்ததே இல்லை.

அவற்றுள் மரை இருந்தது; போல்ட்டை முறுக்கினால் அதன் முனை உள்ளே முட்டி டிரம்மை வெளியே தள்ளும். கிரீஸ் தடவிய 8 மி.மீ. போல்ட்டுகள் இரண்டைப் பூட்டி, இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என மாறி மாறி முறுக்கி, இடையிடையே ஸ்டட்களுக்கு நடுவே முகப்பில் இலேசாகத் தட்டினார். நடுக்குடத்தைச் சுற்றித் துரு மாவு போல உதிர, டிரம் ஒரு நூல் அளவு வெளியே வந்து மறுபடியும் நின்றது. போல்ட்டுகளைத் தளர்த்தியதும், ஸ்பிரிங்கில் கட்டிவைத்தது போல, தானே உள்ளே போய் உட்கார்ந்தது. அதைக் கண்டதும் அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். துரு பிடித்திருந்தால் அசையாமல் நிற்கும். இப்படித் திரும்பிப் போவதென்றால், ஷூ தேய்த்துத் தேய்த்து டிரம்மின் உள்விளிம்பில் உண்டான வரப்பு ஷூவில் மாட்டுகிறது என்று பொருளாம். டிரம்முக்குப் பின்னாலுள்ள தட்டின் ரப்பர் அடைப்பைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரை விட்டு ஷூவை உள்ளே ஒடுங்கச் செய்தார். அடுத்த இழுப்பில் டிரம் இரு கைகளிலும் வந்து விழுந்தது.

உள்ளே ஷூவின் வடிவம் துருவால் அச்சடித்தது போலப் பதிந்திருந்தது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம் என்பதால், தூசியைக் காற்றடித்து ஊதவிடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். இதில் மட்டும் அண்ணாச்சிக்கு நான் பாடம் எடுத்தேன். டிரம்மில் பொறித்திருந்த உச்ச விட்ட அளவை அது இன்னும் எட்டவில்லை. கடைந்து போட்டிருக்கலாம், என் சுத்தியலடியால் புது டிரம் வாங்க வேண்டியதாயிற்று.

12 ஜூலை, வெள்ளி

இடப்பக்கம் புது டிரம், இருபுறமும் புது ஷூ, நடுக்குடத்தில் மட்டும் மெல்லிய கிரீஸ். மலைப்பாதையில் கோட்டைவாசல் ஏறி, கேரளத்து ஆரியங்காவு வரை ஓட்டினேன். திரும்பும்போது, புளியரைக்கு இறங்கும் வளைவுகளில் பார லாரிகளின் பிரேக் காந்தும் நெடி வழக்கம்போல மூக்கில் ஏற, அவற்றின் பின்னால் இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும் இரு பின்சக்கரங்களின் அருகிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன்; சூடு ஒரே அளவில் இருந்தது. வண்டியை முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் இறங்கிக்கொண்டேன்.